ஹார்ட் டிஸ்க் மாற்றப் போறீங்களா? ரிச்சி தெருவுக்கு ஒரு நடை!

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டாம். சென்னையின் மற்ற கடைவீதிகள் களைகட்டுவதே அன்றுதான். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஞாயிறு மாலை கால் வைக்க இடம் இருக்காது. ஆனால், அண்ணா சாலையை ஒட்டி சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் இந்தச் சின்னத் தெருவில் பெரும்பாலான ஷட்டர்கள் அன்று இறங்கியே இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டு கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். ஒரு கேபிள் குறைகிறது, ஒரு ஸ்க்ரூவைக் காணோம் என்று தெரியவருவதும் அன்று மதியம்தான். அப்புறம் திங்கள்கிழமை வரை, வயிறு பிளந்த கம்ப்யூட்டர் ஹாலில் கிடக்கும். அதன்மேல் யாராவது துணியை உலர்த்தாமல் இருந்தால் சரி.

திங்கள் முதல் சனி வரை, காலை பத்தரைக்கு மேல் போனால் தெரு விழித்திருக்கும். மயிலாப்பூர்க்காரர்களுக்கும் அடையாறுக்காரர்களுக்கும் பறக்கும் ரயில் வசதி. திருமயிலையில் ஏறினால் முண்டகக்கண்ணி அம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் தாண்டி சிந்தாதிரிப்பேட்டை. அடையாறு என்றால் கஸ்தூரிபா நகரில் ஏறலாம். தி.நகர் ஆட்கள் நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால், ஓமந்தூரார் மருத்துவமனைப் பக்கமிருந்து நடக்கிற தூரம்தான். காரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்தத் தெருவில் டூவீலரை நிறுத்தவே தவம் செய்ய வேண்டும். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருப்பதில் பாதி நாள் அங்கேயே போய்விடும்.

தறி, படப்பெட்டி, ஹார்ட் டிஸ்க்

'ரிச்சி தெரு' என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும், அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று கிளை பரப்பிக்கிடக்கிற ஒரு சந்தை. 'இந்தியாவில் டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை இதுதான்' என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி.ரோடு மாதிரி சென்னைக்கு இது.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரே 'சின்னத் தறிப் பேட்டை' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. பின்னால் மவுண்ட் ரோடு தியேட்டர்கள் வந்தன. ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் அடையாளம் காசினோ தியேட்டர்தான். மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் தெருவாகப் பெயர் எடுத்தது. படப்பெட்டி என்ற தகரப் பெட்டிகளுக்கு உள்ளே ஃபிலிம் சுருள்கள். டிஜிட்டல் புரொஜக்‌ஷன் வந்தபிறகு, ஒரு முழு சினிமா ஹார்ட் டிஸ்க்கில் ஏறித் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தது. படப்பெட்டி இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இப்போது ஹார்ட் டிஸ்க் விற்கிறார்கள்.

ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரிபாகங்களில் ஆரம்பித்து, டேப் ரெக்கார்டர், டி.வி., வி.சி.ஆர்., அப்புறம் கம்ப்யூட்டர் என்று காலத்துக்குத் தகுந்தாற்போல் சரக்கை மாற்றிக்கொண்டே வந்த கடைகள் இங்கே உண்டு. வாகன உதிரிபாகத்துக்குப் பக்கத்துப் புதுப்பேட்டை எப்படியோ, மின்னணு உதிரிபாகத்துக்கு ரிச்சி தெரு அப்படி.

"என்ன போர்டு சார்?"

இந்தத் தெருவுக்கு ஹார்ட் டிஸ்க் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையோடுதான் வருகிறார்கள். வீட்டில் எட்டு, பத்து வருட கம்ப்யூட்டர். ஆன் செய்துவிட்டு காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "எஸ்.எஸ்.டி. போட்டுடுங்க, பறக்கும்" என்கிறார்கள். அது பொய்யில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிற தட்டு இருக்கிறது. அதன்மேல் ஒரு முள் இங்கும் அங்கும் அலைந்து தேடித்தான் ஒவ்வொரு ஃபைலையும் எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி-யில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. முழுக்க சிப். பத்து வருட கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய உருப்படியான ஒரே செலவு இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால், கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியிலேயே பலர் விழித்துப்போகிறார்கள்.

"என்ன போர்டு சார்?"

"டெல் தம்பி."

"அது பிராண்டு சார். உள்ளே போர்டு என்ன? எம்.2 ஸ்லாட் இருக்கா?"

பதில் தெரியாமல் பேரனுக்கு போன் போகும். பேரன் கல்லூரியில் இருப்பான். எடுக்க மாட்டான்.

விஷயம் இவ்வளவுதான். எஸ்.எஸ்.டி. மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அளவிலேயே இருக்கும் 2.5 அங்குலப் பெட்டி. இதை 'சாட்டா' கேபிளில் மாட்டலாம். பத்து வருட கம்ப்யூட்டருக்கு இது கிட்டத்தட்ட நிச்சயமாகப் பொருந்தும். விநாடிக்கு 550 எம்.பி. வரை வேகம். மற்ற இரண்டும் சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். குழப்பம் இங்கேதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்தப் பட்டைகளில் ஒன்று சாட்டா, இன்னொன்று என்.வி.எம்.இ. முதல் வகைக்கு மட்டுமான ஸ்லாட்டில் இரண்டாவது வேலை செய்யாது. என்.வி.எம்.இ. விநாடிக்கு 3,500 எம்.பி., அடுத்த தலைமுறையில் 7,000 எம்.பி. என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஸ்லாட்டே இல்லாத போர்டைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் வாரா வாரம் உண்டு. பட்டையின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்.வி.எம்.இ. என்பது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி.

'பழைய போர்டில் ஒரு கார்டைச் செருகி அதில் என்.வி.எம்.இ. மாட்டலாமே' என்று ஒரு யோசனையும் சொல்வார்கள். மாட்டலாம். டிஸ்க் தெரியவும் தெரியும். ஆனால், பல பழைய போர்டுகள் அதிலிருந்து விண்டோஸைக் கிளப்பாது. வேறு சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றைச் செருகினால், சாட்டா போர்ட்களில் ஒன்று தானாகவே செயலிழந்துவிடும். புது டிஸ்க்கை மாட்டியதும் பழைய டிஸ்க் காணாமல் போய், 'ஐயோ, எல்லாம் போச்சா!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் திரும்ப வந்துவிடும்.

ஆகவே, கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண். அந்த போட்டோவைக் காட்டினால், ரிச்சி தெருவில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பையன் மூன்று விநாடியில் சொல்லிவிடுவான். இவர்களுக்கு இருக்கிற கண்பழக்கம் பெரிய ஷோரூம் விற்பனையாளர்களுக்குக் கிடையாது. அதே சமயம், தி.நகர் ஷோரூமில் கேட்காமலேயே கிடைக்கிற பில்லை இங்கே சில கடைகளில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"பில்லு வேணுமா அண்ணா, இல்ல அப்படியே தரட்டா?"

அப்படியே வாங்கினால், 18 சதவிகித ஜி.எஸ்.டி. மிச்சம் என்று தோன்றும். எஸ்.எஸ்.டி-க்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரன்டி என்பது பொதுவான வழக்கம். அந்த வாரன்டிக்குப் பில் வேண்டும். 'லோக்கல் வாரன்டி' என்று வாயால் சொல்வது, கடை அதே இடத்தில் அதே ஆளோடு இருக்கும் வரைக்கும்தான். இன்னொன்று, ஆச்சர்யமான விலையில் '16 டெராபைட் போர்ட்டபிள்' என்று எங்கேயாவது, ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, கண்ணில் பட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பெட்டிக்குள் சின்ன மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். கார்டு நிரம்பிய பிறகு ஏற்றுகிற எல்லாம் காற்றில் போகும். ஏற்றும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

விலை ஏன் ஏறுது?

'போன வருஷம் இதே 500 ஜி.பி. இவ்வளவு இல்லையே' என்ற புலம்பலைத் தெருவில் எல்லாக் கடையிலும் கேட்கலாம். கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் உலகம் முழுக்க மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டுமே ஏறுமுகம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோதும் இப்படித்தான் ஏறியது. எங்கோ அயுத்தயாவில் வந்த வெள்ளத்துக்கு நரசிங்கபுரம் தெருவில் விலைப்பட்டியலைத் திருத்தி எழுதினார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. 'எஸ்.எஸ்.டி. போடுகிற கையோடு விண்டோஸ் 11 ஏற்றிவிடுங்கள்' என்று கேட்கிறவர்களுக்கு அடுத்த அடி காத்திருக்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசசர் முதல்தான் விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறது. ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டர், எஸ்.எஸ்.டி. போட்டால் அடுத்த நாலு வருடம் ஜம்மென்று ஓடும். ஆனாலும், மைக்ரோசாஃப்ட்டைப் பொறுத்தவரை அதற்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 10-ஐ வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் லினக்ஸ் பக்கம் போகலாம். அல்லது புது கம்ப்யூட்டர். பென்ஷன் வாங்கும் வீட்டில் இது சின்ன முடிவு அல்ல.

இதில் நிம்மதியாக வேலை முடிகிற ஒரு கூட்டமும் உண்டு. 2011 முதல் தமிழக அரசு ப்ளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் நிறைய வீடுகளில் தம்பி, தங்கை கைக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்தான். அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி, பழையதை உருவி, புதிய எஸ்.எஸ்.டி-யைச் செருகினால் முடிந்தது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் புதியது 7 மில்லிமீட்டருமாக இருந்தால் லேசாக ஆடும். அதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும்.

வாங்கியாச்சு... டிஸ்க் எங்கே?

வீட்டுக்கு வந்து மாட்டியதும் முதல் கலவரம், புது டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. கம்ப்யூட்டரைத் திறந்தால் பழைய சி, டி, ஈ மட்டும் இருக்கும். 'டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிட்டான்!' என்று ரிச்சி தெருவைத் திட்ட ஆரம்பிப்பார்கள். புது டிஸ்க் என்பது கோடு போடாத மனை மாதிரி. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற இடத்துக்குப் போய், அதை 'இனிஷியலைஸ்' செய்து, பகுதி பிரித்து, பெயர் வைத்தால்தான் தெரியும். அங்கே எம்.பி.ஆரா, ஜி.பி.டி-யா என்று ஒரு கேள்வி வரும். ஜி.பி.டி. என்று சொல்லலாம். பழைய எம்.பி.ஆர். முறையில் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடம் பயன்படாமல் போகும். விண்டோஸ் 11-ம் ஜி.பி.டி-யைத்தான் எதிர்பார்க்கிறது. விரலைக் கவனமாக வைக்க வேண்டிய இடம் இது. அவசரத்தில் பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடுத்தவர்களின் கண்ணீர்க் கதைகளுக்கு டேட்டா ரெக்கவரி கடைகளில் பஞ்சமே இல்லை.

அடுத்தது, ஒரு டெராபைட் வாங்கினால் 931 ஜி.பி. என்று காட்டும். இதற்காகவும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. படி வேறு, மரக்கால் வேறு என்பது போலத்தான். அரிசி குறையவில்லை.

பிறகு, குளோனிங். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அச்சுப் பிசகாமல் புதியதில் எடுப்பது. 'அரை மணி நேர வேலை' என்று சொல்லுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், விநாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஒரு டெராபைட்டுக்கு 2 மணி 47 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் மாட்டினால் எட்டு மணி நேரத்துக்கு மேல். இடையில் பவர்கட் வராமல் இருக்க வேண்டும், யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். பழைய டிஸ்க்கில் பழுதான பகுதிகள் இருந்தால் 97 சதவிகிதத்தில் நின்றுவிடும். அந்த 97-ஐப் பார்த்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்திருப்பது தனி அனுபவம்.

முடிந்தபிறகும், இரண்டு டிஸ்க்கையும் மாட்டியே வைத்தால் கம்ப்யூட்டர் பழையதிலிருந்தே கிளம்பும். 'எஸ்.எஸ்.டி. போட்டும் அதே வேகம்தான்' என்று குறைபடும் பலருக்கு நடந்திருப்பது இதுதான். முதல் தடவை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையோ, பீப் பீப் சத்தமோ வந்தால் உடனே பயப்பட வேண்டாம். மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலை ஒட்டியிருக்கும் வீடுகளில் உப்புக்காற்று ஃப்ரிட்ஜையும் ஏ.சி-யையும் மட்டுமல்ல, ரேமின் செப்புப் பற்களையும் கறுக்க வைக்கும். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினால் பாதி கேஸ் தேறிவிடும். இதற்கு மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் 500 ரூபாய் கேட்பார். ரப்பர் 5 ரூபாய்.

கொஞ்சம் புதிய லேப்டாப் என்றால் இன்னொரு பூதம், பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 ஏற்றிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கச் சாவி எண் கேட்கும். லேப்டாப்பைப் பிரிக்கும் முன் அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ரிச்சி தெருவிலும் வைத்தியம் கிடையாது.

அம்மா எங்கே போனாள்?

மயிலாப்பூருக்கென்று ஒரு தனிப் பிரச்னை உண்டு. லஸ்ஸையும் மாட வீதிகளையும் சுற்றி இருக்கும் டி.டி.பி. கடைகளிலும், வீட்டோடு உட்கார்ந்து எழுதுகிற பெரியவர்களிடமும் பழைய தமிழ் ஃபைல்கள் ஏராளம். சபா மலர்கள், கல்யாணப் பத்திரிகை, ஸ்தல புராணம், அறுபதாம் கல்யாண நினைவு மலர், தாத்தா தட்டச்சு செய்து வைத்த சுயசரிதை. இவை எல்லாம் யூனிகோட் பரவலாவதற்கு முந்தையவை. பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு ஃபான்ட். இவற்றில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் போர்த்திய சட்டைதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். ஃபான்ட் இருந்தால் அம்மா. இல்லையென்றால் கிறுக்கல்.

எஸ்.எஸ்.டி-யில் புதிதாக விண்டோஸ் ஏற்றி, 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் பத்திரமாகப் புதியதுக்குக் கொண்டுவந்து, பழைய டிஸ்க்கை எடைக்குப் போட்டவர்கள் மறந்துபோவது, விண்டோஸ் ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை. 300 பக்க சுயசரிதை அரைப்புள்ளிக் காடாகத் திறக்கும். இதைச் சீராக்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால், வீட்டு டிஸ்க்கில் தூங்குகிற ஃபைலுக்கு அரசாணை தெரியாதே! நல்லவேளையாக, பாமினி போன்ற பிரபல ஃபான்ட்களை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதிகம் புழங்காத ஃபான்ட் என்றால், ஃபான்ட் ஃபைல் கையில் இருந்தால்தான் பிழைப்பு. பழைய டி.டி.பி. மென்பொருள் சிலவற்றுக்கு 'டாங்கிள்' என்ற சின்னப் பூட்டுக் குமிழ் வேறு தேவைப்படும். அதைச் செருகும் போர்ட்டே புது கம்ப்யூட்டரில் இருக்காது.

ஓலைச்சுவடிக்கும் இதே பாடுதான். செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். எழுதுபவருக்குப் பழைய எழுத்து புரியாவிட்டால், பாடம் மாறிப்போகும். அப்படிப் பிழைத்து வந்த சுவடிகள்தாம் அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் 1886-ல் தொடங்கிய நூலகத்திலும், பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகத்திலும் இருக்கின்றன. பக்கத்திலேயே இருந்தும் போகாதவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.

மயிலாப்பூர் வீட்டு டிஸ்க்குகளில் இன்னொரு புதையல், கச்சேரிகள். கேசட்டிலிருந்து பொறுமையாக கம்ப்யூட்டருக்கு ஏற்றிய டிசம்பர் சீஸன் பதிவுகள். கேசட்டில் பூஞ்சை பூத்து எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது டிஸ்க் மட்டும். "இதுல எங்க வீட்டுக்காரர் குரல் இருக்குப்பா, பாத்துப் பண்ணு" என்று ஒரு மாமி கவுன்டரில் சொன்னால், அந்தப் பையன் ஒரு நிமிடம் டிஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டுதான் மறுபடி எடுப்பான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை என்று அடையாற்றின் கரையெங்கும் வீடுகள் மூழ்கின. தரைத்தளத்தில் மேஜைக்கு அடியில் இருந்த சி.பி.யூ-க்களும்தான். அப்போது பலர் செய்த காரியம், டிஸ்க்கை வெயிலில் காயவைத்து, அரிசி மூட்டையில் புதைத்து, மூன்றாம் நாள் ஆன் செய்து பார்த்தது. சேறு காய்ந்து தட்டில் ஒட்டிய நிலையில் சுற்றவிட்டால், முள் தட்டைக் கீறி, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். நனைந்த டிஸ்க்கைக் கரன்ட் பக்கமே கொண்டுபோகாமல், காயவிடாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் மூடி ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் முறை. 'டிக்... டிக்...' என்று சத்தம் போடும் டிஸ்க்குக்கும் அதேதான். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. ரெக்கவரி செலவு புது டிஸ்க்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகலாம்.

எஸ்.எஸ்.டி-க்கு இந்த டிக் டிக் கிடையாது. முந்தின நாள் வரை ஓடிவிட்டு, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் செத்துக்கிடக்கும். வருடக்கணக்கில் கரன்ட் காட்டாமல் பீரோவில் பூட்டி வைக்கவும் அது தோதானது அல்ல. அதனால், பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் எடைக்குப் போட வேண்டாம். ரிச்சி தெருவிலேயே அதற்கு யு.எஸ்.பி. உறை கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் போட்டு, ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முதற்கொண்டு அப்படியே மேல் அலமாரியில் வைக்கலாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் முதல் மாடி உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

பழுதாகிவிட்ட டிஸ்க் என்றால், 'பழசு எடுப்போம்' என்று கேட்பவரிடம் 50, 100 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வருவது தப்பு. டெலிட் செய்வதாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்வதாலும் உள்ளே இருப்பது அழிவதில்லை. அப்படிப் போகும் டிஸ்க்கோடு ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், பத்திர நகல் எல்லாம் சேர்ந்தே போகும். டிரில் மெஷினில் தட்டோடு சேர்த்து இரண்டு ஓட்டை போட்டுவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம்.

சந்தை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு: சாட்டா கேபிள் ஒன்று, எம்.2 என்றால் அதற்கான குட்டி ஸ்க்ரூ இரண்டு. ஒன்று எப்படியும் கீழே விழுந்து காணாமல் போகும். மாலை ஆறு மணிக்கு மேல் சிந்தாதிரிப்பேட்டையில் வேளச்சேரி ரயில் நிரம்பித்தான் வரும். பழைய டிஸ்க் கையில் இருந்தால் பையை மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.